சன்னல் திறந்தது, கதவு திறக்கவில்லை: ஷாங்காய் பந்தயத் திடலும் நகரச் சமூகமும் (1850–1941)

1. கேள்வி

ஷாங்காயில் மக்கள் பூங்காவை ஒட்டி, நான்ஜிங் மேற்குச் சாலையில், மணிக்கூண்டு வைத்த பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. இப்போது அது நகர வரலாற்று அருங்காட்சியகம். மாடிப்படி ஏறுகிறவர் கைப்பிடியின் இரும்பு வேலைப்பாட்டைச் சற்று நின்று பார்த்தால், வரிசையாகக் குதிரைத் தலைகள் தெரியும். 1934இல் எழுந்த ஷாங்காய் ரேஸ் கிளப்பின் மாளிகை இது. பக்கத்தில் இருக்கும் பூங்காவும் மக்கள் சதுக்கமும் அந்தக் காலத்தில் குதிரைகள் ஓடிய திடல்.

போருக்கு முந்தைய ஷாங்காயை நினைவுகூரும் எழுத்துகளில் இந்தத் திடலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, ஆங்கிலேயரும் சீனரும் பாக்தாதி யூதரும் ரஷ்ய அகதிகளும் தோளுரசி நின்ற உலக நகரத்தின் முற்றம். மற்றொன்று, சீனாவின் நடுநெஞ்சில் சீனரை வெளியே நிறுத்திய ஏகாதிபத்திய வேலி. எது சரி என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. இரண்டு முகங்களுக்கும் சான்று இருக்கிறது. ஆனால் திடலின் வாசல்கள் யாருக்கு, எந்த வரிசையில், எதற்காகத் திறந்தன என்று பார்த்தால் மூன்றாவதாக ஒரு விடை கிடைக்கிறது. சீனரின் பணம் வரவேற்கப்பட்டது. பணத்தை ஆளும் மேசையில் சீனருக்கு நாற்காலி போடப்படவில்லை.

சொல் குறித்து ஒரு விளக்கம். ஷாங்காய் ஹாங்காங்கைப் போல முறையான குடியேற்ற நாடு அல்ல. 1842 நான்ஜிங் உடன்படிக்கைக்குப் பின், 1843இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட துறைமுகம். மண்ணின் இறையாண்மை சீனாவுடையது; மண்ணின் நிர்வாகம் வெளிநாட்டு வரிசெலுத்துவோர் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றத்தின் கையில். ‘பன்னாட்டுக் குடியிருப்பு’ என்பது அந்தப் பகுதிக்குப் பெயர். அதன் தென்புறம் பிரெஞ்சுப் பகுதி. அதற்கும் அப்பால் பழைய சீன நகரம். 1930களின் நடுவில் பன்னாட்டுக் குடியிருப்பில் வாழ்ந்த சீனர் 11 லட்சத்துக்கு மேல். வெளிநாட்டவர் 40,000க்கும் குறைவு. திடலைப் பற்றிப் பேசும்போது இந்த விகிதத்தை மறக்கக் கூடாது.

2. இதுவரையிலான புரிதல்

இப்பொருள் குறித்த எழுத்துகளை மூன்று போக்குகளாகப் பிரிக்கலாம். ஆஸ்டின் கோட்ஸ் 1983இல் வெளியிட்ட ‘சைனா ரேசஸ்’ பந்தய உலகின் உள்ளிருந்து சொல்லப்பட்ட வரலாறு. கிளப்புகள், லாயங்கள், கோப்பைகள், சவாரி செய்தவர்கள் என்று தகவல் செறிந்தது. மேடையிலிருந்து திடலைப் பார்க்கும் பார்வை.

இரண்டாவது போக்கு நகர வரலாற்றாசிரியர்களுடையது. ஜேம்ஸ் கார்ட்டர் 2020இல் எழுதிய ‘சாம்பியன்ஸ் டே’ 1941 நவம்பர் 12 என்ற ஒரே நாளை மையமாக்கி, அந்த நாளில் திடலுக்குள்ளும் வெளியிலும் இருந்த மனிதர்கள் வழியாகப் பழைய ஷாங்காயின் முடிவைச் சொல்கிறது. அவர் கலப்பையும் காட்டுகிறார், அதன் எல்லையையும் காட்டுகிறார்.

மூன்றாவது, சீன மொழிச் சான்றுகளில் ஊன்றிய ஆய்வு. தைவான் ஆய்வாளர் சாங் நிங் குதிரைப் பந்தயம், நாய்ப் பந்தயம், ஹாய் அலாய் பந்தாட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராய்ந்து, அயல்நாட்டு வழக்கம் ஒன்று சீன மண்ணில் எப்படிப் பொருள் மாறுகிறது என்று கேட்கிறார். இக்கட்டுரை மூன்றாவது போக்குக்கு அதிகம் கடன்பட்டது. வழக்கம் பொருள் மாறியதோடு, உடைமை யாரிடம் தங்கியது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது நான் கூட்டிச் சொல்ல விரும்புவது.

3. மூன்று திடல்கள்: நிலத்தின் கணக்கு

ஷாங்காயில் வெளிநாட்டவர் பந்தயத்துக்காக அமைத்த முதல் திடல் 1850ஐச் சேர்ந்தது. இடம், ஆற்றங்கரை வணிக வீதியான பண்டிலிருந்து சற்று மேற்கே. 1854இல் இன்னும் மேற்கே நகர்ந்தது. 1860களின் தொடக்கத்தில் இரண்டாம் முறையாக நகர்ந்து, இன்றைய மக்கள் பூங்கா இருக்குமிடத்தில் நிலைத்தது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று இடங்கள். இதற்கு விளையாட்டில் காரணம் தேடினால் கிடைக்காது, நிலவிலையில் கிடைக்கும். 1853இல் சிறுவாள் சங்கம் என்ற கிளர்ச்சிக் குழுவினர் பழைய சீன நகரத்தைக் கைப்பற்றினர். 1860இலும் 1862இலும் தைப்பிங் கிளர்ச்சிப் படைகள் ஷாங்காயை நெருங்கின. உயிர் பிழைக்க ஓடிவந்த சீனக் குடும்பங்கள் வெளிநாட்டுக் குடியிருப்பில் நிறைந்தன. வாடகைக்கு வீடு கட்டுவதே நகரின் பெருந்தொழிலாயிற்று. நேற்று காய்கறித் தோட்டமாக இருந்த மண் பொன்விலை போயிற்று. இரண்டாம் திடலின் உள்நிலத்தை விற்றவர்கள் பெரும் லாபம் கண்டனர். அந்தப் பணத்திலிருந்தே பொழுதுபோக்கு நிதி ஒன்று பிறந்தது. மூன்றாம் திடலின் நடுநிலத்தை அந்த நிதி வாங்கியது. கிரிக்கெட்டும் கோல்ஃபும் அங்கே ஆடப்பட்டன; சுற்றியிருந்த ஓடுபாதை கிளப்பின் உடைமை. அகதிகளின் துயரம் ஏற்றிவிட்ட நிலவிலையே வெளிநாட்டவர் விளையாட்டுக்கு முதலாயிற்று எனலாம்.

மூன்றாம் திடல் எப்படிக் கிடைத்தது என்பது பற்றிச் சீனப் பொதுநினைவில் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் ஒருவர் குதிரையேறி ஓட, குளம்புத் தடம் பட்ட வழியெல்லாம் முளையடித்து நிலத்தை வளைத்துக்கொண்டார்கள் என்பது கதை. இதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. குடியிருப்பில் வெளிநாட்டவர் நிலம் பெறும் முறை ‘நிரந்தரக் குத்தகை’: உரிமையாளருக்குப் பணம், தூதரகத்தில் பதிவு, சீன வட்டார அதிகாரியான தாவோதாயின் முத்திரை. காகிதம் ஒழுங்காக இருந்தது. ஆனால் தூதரகத்தின் பின்னால் போர்க்கப்பல் நிற்கும்போது, விற்கமாட்டேன் என்று ஓர் உழவர் சொல்லியிருக்க முடியுமா என்பதற்குப் பத்திரம் விடை சொல்லாது. கதை நடந்ததைச் சொல்லவில்லை. நடந்தது எப்படி உணரப்பட்டது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் சான்றாகக் கொள்ளலாம், வெவ்வேறு கேள்விகளுக்கு.

நிலத்தில் இதன் தடம் இன்னும் அழியவில்லை. சதுரம் சதுரமாக வெட்டிய மத்திய ஷாங்காயின் வரைபடத்தில் ஹூபெய் சாலையும் பெய்ஹாய் சாலையும் மட்டும் காரணமில்லாமல் வளைவதுபோல் தோன்றும். அவை இரண்டாம் திடலின் ஓடுபாதை. நான்ஜிங் சாலைக்குச் சீனர் இட்ட வழக்குப் பெயர் ‘தா மாலூ’, அதாவது பெரிய குதிரைப் பாதை.

4. மட்டக்குதிரையும் புதுமுகமும்

திடலில் ஓடியவை இங்கிலாந்தின் உயர்சாதிப் பந்தயக் குதிரைகள் என்று நினைத்தால் தவறு. தொடக்க ஆண்டுகளில் பெரிய வணிக நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வெளிநாட்டுக் குதிரைகளைக் கப்பலில் இறக்கின. அந்தச் செலவை மற்றவர்களால் தாங்க முடியவில்லை. இடத்தைப் பிடித்தது மங்கோலிய மட்டக்குதிரை. தோளுயரம் நாலேகால் நாலரை அடி. குட்டைக் கால், பெரிய தலை, அடர்ந்த பிடரிமயிர். புல்வெளியில் மந்தையாகத் திரிந்தவற்றைப் பிடித்து வடக்கிலிருந்து ஓட்டிவருவார்கள். வம்சாவளிப் பதிவு கிடையாது. இந்தக் குதிரை ஓடுமா, முரண்டு பிடிக்குமா என்பது சேணம் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். உயரத்துக்கு ஏற்பச் சுமை ஏற்றும் விதி இருந்தது: உயரமான குதிரை கூடுதல் எடை சுமந்து ஓட வேண்டும்.

திடலில் இன்னும் ஓடிப் பழகாத இந்தப் புதுக் குதிரைக்கு ‘கிரிஃபின்’ என்று பெயர். சொல் இந்தியாவிலிருந்து போனது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் இந்தியாவுக்குப் புதிதாக வந்திறங்கிய ஆங்கிலேயரை, ஊர் நடப்புத் தெரியாதவர் என்ற பொருளில், அப்படி அழைத்தார்கள். சீனக் கடற்கரையில் அது மனிதருக்கும் குதிரைக்கும் பொதுப்பெயராயிற்று.

இந்தப் பொதுப்பெயரில் ஒரு சமூக உண்மை இருக்கிறது. உயர்சாதிக் குதிரை பிரபுக்களின் உடைமை. மட்டக்குதிரையை வங்கியில் வேலை பார்க்கும் இளம் ஆங்கிலேய எழுத்தரும் நண்பரோடு கூட்டுச் சேர்ந்து வாங்கலாம். வம்சம் தெரியாத குதிரையின் மேல் வம்சம் கேட்கப்படாத மனிதர் ஏறிச் சவாரி செய்து, பந்தய நாளில் பெரிய நிறுவனத் தலைவரோடு ஒரே மேடையில் நின்றார். லண்டனில் எட்டாத ஏணி ஷாங்காயில் எட்டியது. ஷாங்காய் ஆங்கிலேயர் ஒரே சமூகமாகத் தம்மை உணர்ந்ததில் திடலின் பங்கு பெரிது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் பெரும் பந்தயங்களுக்கு வங்கிகளும் அலுவலகங்களும் கதவடைத்தன. நகராட்சி மன்றத்திலும் கிளப்பிலும் அதே பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன.

இந்த ஏணியின் அடிப்படியில் நின்றவர்கள் வேறு. திடலின் மேற்கே இருந்த லாயங்களில் விடியுமுன் குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, நடத்திப் பழக்கியவர்கள் சீனக் குதிரைக்காரர்கள். ‘மாஃபூ’ என்ற சீனச் சொல்லையே ஆங்கிலேயரும் வழங்கினர். எந்தக் குதிரை அன்று நன்றாக இருக்கிறது என்பதை முதலில் அறிந்தவர் மாஃபூவே. கோப்பையோடு எடுத்த புகைப்படங்களில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கிறார். அவர் எழுதி வைத்த வரி ஒன்றுகூட நம் கையில் இல்லை. திடலின் வரலாறு முழுவதும் இந்த மௌனத்தின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. வேலிக்கு வெளியே ஒரு திருவிழா

உள்ளே விடப்படாத சீனர் ஒதுங்கிப் போய்விடவில்லை. 1872இல் தொடங்கிய ‘ஷென்பாவ்’ நாளிதழும், அதே நிறுவனம் 1884இல் தொடங்கிய ‘தியன்ஷிசாய்’ படஇதழும் பந்தய நாள்களை நகரத்துத் திருவிழாவாகவே காட்டின. வேலியோரம் முழுக்க மக்கள். நாற்காலி வாடகைக்கு விடுகிறவர், தின்பண்டம் விற்கிறவர், குழந்தையைத் தோளில் தூக்கியவர். சாலையில் வண்டிகளின் அணிவகுப்பு. நகரின் பெயர்பெற்ற கணிகையர் புதுப் பட்டுடுத்தி, வண்டியோட்டிக்கும் பொருத்தமான சீருடை போட்டு, திறந்த வண்டியில் வலம் வந்தனர். குதிரையைப் பார்க்க வந்தவர்கள் அவர்களையும் பார்த்தார்கள். பலருக்கு இரண்டாவதே முக்கியம்.

ஆங்கில இதழ்களின் பந்தயச் செய்தியில் இந்தக் கூட்டம் பெரும்பாலும் பின்னணி. சீன இதழ்களில் கூட்டமே செய்தி. எந்தக் குதிரை வென்றது என்பது இரண்டாம்பட்சம். ஒரே நாளின் ஒரே நிகழ்ச்சி, இரு மொழிகளில் இரு நிகழ்ச்சிகள். வேலி இனத்தைப் பிரித்தது உண்மை. வேலிக்கு வெளியே சீனர் தமக்கென ஒரு பந்தய நாளை உருவாக்கிக்கொண்டதும் உண்மை.

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் கிளப் தன் வாசலைத் திறந்தது. கட்டணம் செலுத்திய சீனர் உள்ளே வந்து பார்க்கலாம், சன்னலில் சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டலாம். உறுப்பினராக முடியாது. இந்த ஏற்பாட்டின் பொருள் மற்றோர் இடத்தோடு ஒப்பிட்டால் துலங்கும். ஆற்றங்கரையில் 1868இல் திறந்த பொதுப் பூங்காவில் சீனருக்கு இருந்த தடை 1928இல்தான் நீங்கியது. ‘நாய்களுக்கும் சீனருக்கும் அனுமதியில்லை’ என்று ஒரே வரியாகப் பலகை இருந்ததாகச் சொல்லப்படுவதை ராபர்ட் பிக்கர்ஸும் ஜெஃப்ரி வாசர்ஸ்ட்ராமும் 1995இல் ஆராய்ந்து, விதிகளில் அவை தனித்தனிப் பிரிவுகளாக இருந்தன என்று காட்டினர். வாசகம் தொன்மம், தடை தொன்மமல்ல.

ஏன் பூங்காவை விட ஏறத்தாழ 20 ஆண்டு முன்பே பந்தயத் திடல் திறந்தது? ரேஸ் கிளப்காரர்கள் நகராட்சிக்காரர்களை விடத் தாராள மனத்தவர் என்று சொல்ல வழியில்லை. இருவரும் பெரும்பாலும் ஒருவரே. வேறுபாடு வருமானத்தில் இருக்கிறது. பூங்காவில் உட்காரும் சீனரால் மன்றத்துக்கு வரவு இல்லை. சீட்டுச் சன்னலில் நிற்கும் சீனரால் கிளப்புக்கு வரவு உண்டு. பந்தயத் தொகையில் கிளப்பின் பங்கும், வென்ற குதிரைகள் மட்டும் மோதும் சாம்பியன்ஸ் பந்தயத்தை ஒட்டி விற்ற பெருந்தொகைச் சீட்டும் சேர்ந்து கிளப்பைச் செல்வத்தில் மிதக்கவிட்டன. 1934இன் மாளிகைக்கும் மணிக்கூண்டுக்கும் சேர்ந்த பணத்தில் சீனர் கட்டித் தோற்ற பணமும் உண்டு.

6. ஜியாங்வான்: மறுப்பா, மறுபதிப்பா?

சீன மேட்டுக்குடியின் பதில் ஜியாங்வானில் எழுந்தது. குடியிருப்பின் எல்லைக்கு வடக்கே, சீன நிர்வாகத்தில் இருந்த அந்தப் பகுதியில், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பன்னாட்டுப் பொழுதுபோக்குச் சங்கம் தன் திடலை அமைத்தது. முன்னின்றவர் யே ஸிஹெங். இவருடைய தந்தை யே செங்சோங், வாங்பூ ஆற்றில் படகோட்டி வெளிநாட்டுக் கப்பல்களுக்குச் சில்லறைச் சரக்கு விற்கத் தொடங்கி, இரும்புச் சாமான் வணிகத்தில் பெருஞ்செல்வரானவர்.

ரேஸ் கிளப்பில் உறுப்பினராக முடியாத அவமானமே மகனை இதற்குத் தூண்டியது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தேசிய உணர்வுக்கு இனிய கதை. ஆனால் சங்கத்தின் பெயரையும் அமைப்பையும் பார்த்தால் கதை முழுதாகப் பொருந்தவில்லை. அது ‘சீனச் சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ‘பன்னாட்டு’ என்றே வைத்தது. வெளிநாட்டவரையும் உறுப்பினராக்கியது. ரேஸ் கிளப்பின் ஆள்கள் ஜியாங்வானில் சவாரி செய்தனர். சீன முதலாளிகளின் குதிரைகள் நாளடைவில் ரேஸ் கிளப்பின் மையத் திடலிலும் ஓடின. 1920களில் நகரின் கிழக்கே யாங்ஷூபூ பக்கம் இன்னொரு திடலும் சேர்ந்தது.

சீனச் செல்வர் பந்தயத்தை அயல் வழக்கம் என்று நிராகரிக்கவில்லை; பந்தயத்தின் உடைமையைக் கேட்டார்கள். பன்னாட்டுத்தன்மை என்ற சொல்லின் நேர்மையை ரேஸ் கிளப்பை விட இவர்களே காப்பாற்றினார்கள் என்பதில் ஒரு முரண்நகை இருக்கிறது. ஹாங்காங்கின் ஜாக்கி கிளப், முறையான பிரிட்டிஷ் குடியேற்றத்திலேயே, 1920களின் நடுவில் சீனரை உறுப்பினராக ஏற்கத் தொடங்கியது. ஷாங்காய் நகராட்சி மன்றத்தில் 1928இல் மூன்று சீனர் அமர்ந்தனர், 1930இல் ஐவர். ரேஸ் கிளப் அசையவில்லை. மன்றத்தை விடக் கிளப் இறுகிநின்றதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே: மன்ற இருக்கைகளை அரசியல் அழுத்தத்தால் பிடுங்கலாம், தனியார் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்குள் அந்த அழுத்தம் எளிதில் நுழையாது.

இதற்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜியாங்வானின் மேடையில் அமர்ந்தவர் சீனச் செல்வர். ஆலைத் தொழிலாளிக்கும் கைவண்டி இழுப்பவருக்கும் மூன்று திடல்களும் ஒன்றுதான்.

7. நாய் சூது, குதிரை விளையாட்டு

இந்த வர்க்கக் கோடு 1928க்குப் பின் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டில் பன்னாட்டுக் குடியிருப்பில் இரண்டும் பிரெஞ்சுப் பகுதியில் ஒன்றுமாக வேட்டைநாய்ப் பந்தயத் திடல்கள் திறந்தன. இரவில், விளக்கொளியில், வாரம் பல முறை பந்தயம். கடைச் சிப்பந்திகளும் அலுவலக எழுத்தர்களும் சம்பளப் பணத்தோடு வந்தார்கள். குடும்பங்கள் அழிகின்றன என்று சீனத் தரப்பு முறையிட்டது. 1931இல் நகராட்சி மன்றம் தன் எல்லைக்குள் நாய்ப் பந்தயத்தை நிறுத்தியது. பிரெஞ்சுப் பகுதியில் அது தொடர்ந்தது.

குதிரையை மன்றம் தொடவில்லை. குதிரைப் பந்தயம் விளையாட்டு, நாய்ப் பந்தயம் சூது என்பது வாதம். இதில் ஓரளவு நியாயம் இருந்தது: குதிரைப் பந்தயத்தில் உடைமையாளர் தாமே சவாரி செய்யும் மரபு உண்டு; நாய்த் திடலில் பார்வையாளருக்குப் பந்தயம் கட்டுவதைத் தவிர வேலையில்லை. ஆனால் மையத் திடலின் சன்னலில் சீட்டு வாங்கிய ஆயிரக்கணக்கான சீனர் எவரும் சவாரிக்காரர் இல்லை. குதிரையைக் காப்பாற்றியது விளையாட்டின் தூய்மையை விட, அதன் மேடையில் அமர்ந்தவர்களின் செல்வாக்கு என்ற சீன விமர்சனத்துக்கு மன்றத்திடம் நல்ல பதில் இருக்கவில்லை.

8. கடைசி நாள்கள்

1932 ஜனவரியிலும் 1937 ஆகஸ்டிலும் ஜப்பானியப் படையோடு நடந்த சண்டையில் ஜியாங்வான் போர்க்களமாயிற்று. தேசிய அரசு அந்த வட்டாரத்தில் எழுப்பிய புதிய ‘பெரிய ஷாங்காய்’ நகர மையமும், சீனர் தமக்கென்று கட்டிய பந்தயத் திடலும் ஒரே குண்டு மழையில் நனைந்தன. மையத் திடல் தப்பியது, வெளிநாட்டுக் கொடி பறந்த காரணத்தால். 1937 முதல் 1941 வரையிலான நான்கு ஆண்டுகளைச் சீனர் ‘தனித்தீவு’க் காலம் என்பர்: சுற்றிலும் ஆக்கிரமிப்பு, நடுவில் அகதிகள் நிரம்பிய குடியிருப்பு, அதன் நடுவில் ஓடிக்கொண்டிருந்த குதிரைகள்.

1941 நவம்பர் 12 சாம்பியன்ஸ் நாள். அதே நாள் சுன் யாட்சென்னின் 75ஆம் பிறந்தநாள். நகரின் ஒரு பகுதி குடியரசின் தந்தையைக் கொண்டாட, மறுபகுதி திடலில் கூடியது. 26 நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, ஜப்பானியப் படை குடியிருப்புக்குள் நுழைந்தது.

9. முடிவு

போருக்கு முந்தைய ஷாங்காய் பந்தயத் திடலைக் கலப்பின் அடையாளமாக நினைவுகூருகிறவர்கள் சீட்டுச் சன்னலைப் பார்க்கிறார்கள். அங்கே எல்லா இனமும் நின்றது. ஒதுக்கலின் அடையாளமாக நினைவுகூருகிறவர்கள் உறுப்பினர் பட்டியலைப் பார்க்கிறார்கள். அங்கே சீனப் பெயரே இல்லை. ஒன்றின் வருமானத்தில் மற்றொன்று நடந்தது என்பதால் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கூட்டம் கலந்திருந்தது என்பதை வைத்து அதிகாரமும் கலந்திருந்தது என்று முடிவுகட்டுவது பழைய ஷாங்காய் பற்றிய ஏக்க எழுத்துகளில் பரவலாகக் காணும் பிழை.

போருக்குப் பின் மையத் திடலில் பந்தயம் மீளவில்லை. 1951இல் புதிய அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது; 1952 அக்டோபர் 1 அன்று மக்கள் பூங்கா திறந்தது. உறுப்பினர் பட்டியல் என்ற வேலி அங்கே இல்லாமல் போனது அதற்குப் பிறகுதான்; அப்போது ஓடுவதற்குக் குதிரைகள் இல்லை.